மலையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறியவர்கள்

கூட வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனால் பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இறந்தவரின் படம் அச்சடித்த டிஷர்ட், இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம், இறங்கி வந்ததும் பப்பில் சாப்பாடு. வசூலாகும் பணம் புற்றுநோய் ஆய்வுக்கோ, கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்ட இல்லத்துக்கோ போகும். அலுவலகம், தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம் என்று எங்கும் நடக்கிற விஷயம்தான். நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் டிஷர்ட் சாயம் போன பிறகு, நடந்தவர்கள் வேறு வேலைக்கு மாறிப் போன பிறகு, என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இதே காரியத்தை நூறு வருஷத்துக்கு முன்னால் வேறு வரிசையில் செய்த ஒரு கூட்டம் உண்டு. இப்போது முதலில் நடை, அதைக் காட்டிப் பணம். அவர்கள் முதலில் பணம் சேர்த்தார்கள். அதில் மலைகளை வாங்கினார்கள். வாங்கியதைப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே ஏறினார்கள். இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்டிரிக்டில், கிரேட் கேபிள் என்ற மலை உச்சியில் 1924 ஜூன் 8 அன்று நடந்த கதை அது. இறந்த தோழருக்காக ஏறும் நடை எப்படி இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதில் என்ன சரியாக வந்தது, என்ன சறுக்கியது என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் இடம். கிரேட் கேபிளின் உயரம் 899 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அதை மலை என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்போம், ஏற்காடே அதைவிட உயரம். ஆனால் உயரத்தை வைத்து அதை எடை போட்டால் ஏமாந்துபோவோம். ஏறத் தொடங்கும் இடம் கிட்டத்தட்டக் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடிவாரத்துச் சீத்வைட் குக்கிராமம் இங்கிலாந்திலேயே அதிக மழை பெய்யும் குடியிருப்பு என்று பெயர் எடுத்தது, வருஷத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். மேலே மரம் கிடையாது. பாறையும் புல்லும் ஹெர்ட்விக் ஆடுகளும்தான். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் இருப்பவர் தெரிய மாட்டார். அந்த வட்டாரத்தில் மலைக்கு ‘ஃபெல்’ என்று பெயர். வைக்கிங்குகள் விட்டுப்போன சொல்.

பாறை ஏறுகிறவர்களுக்குக் கேபிள் ஒரு கோயில் மாதிரி. அதன் தெற்குச் சரிவில் ஊசிபோல் நிற்கும் நேப்ஸ் நீடில் என்ற பாறையில் 1886இல் வால்டர் ஹாஸ்கெட் ஸ்மித் தனியாக ஏறினார். பிரிட்டனில் பாறை ஏற்றம் ஒரு விளையாட்டாகப் பிறந்தது அன்றைக்குத்தான் என்று சொல்வார்கள். அந்த விளையாட்டில் பித்துப் பிடித்தவர்கள் 1906இல் சேர்ந்து அமைத்ததுதான் ஃபெல் அண்ட் ராக் கிளைம்பிங் கிளப். பெண்களை ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக்கொண்ட மன்றம். அந்தக் காலத்து மலையேற்ற மன்றங்களில் அது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் 1914 வந்தது.

முதல் உலகப் போர் முடிந்தபோது மன்றத்து உறுப்பினர்களில் இருபது பேர் திரும்பவில்லை. ஒருவர் சீக்ஃபிரீட் ஹெர்ஃபோர்டு. 1914 ஏப்ரலில், போருக்குச் சில மாதம் முன்பு, ஜார்ஜ் சான்சம் என்பவரோடு ஸ்காஃபெல் மலையின் சென்ட்ரல் பட்ரஸ் என்ற செங்குத்துப் பாறையில் முதன்முதலாக ஏறியவர். அன்றைக்கு நாட்டிலேயே கடினமான ஏற்றம் அதுதான். 1916 ஜனவரியில் பிரான்ஸில் இறந்தபோது அவருக்கு 24 வயது. அவரோடு ஸ்காஃபெல் பாறைகளில் கயிறு கட்டி ஏறிய ஸ்டான்லி ஜெஃப்கோட் 1917இல் இறந்தார். ஒரே கயிற்றின் இரண்டு முனையும் போய்விட்டன. இந்த விளையாட்டில் ‘உடன் ஏறுகிறவர்’ என்பது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் போல இல்லை. ஒருவர் வழுக்கினால் மற்றவர் பிடிக்க வேண்டும், பிடிப்பார் என்று நம்பித்தான் அடுத்த அடி எடுத்து வைப்பது. அந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பிறகு அவர்கள் செய்தது புரியும்.

1918க்குப் பிறகு பிரிட்டனில் ஊருக்கு ஊர் நினைவுத்தூண் எழுந்துகொண்டிருந்தது. தேவாலய வாசலில், சந்தைத் திடலில், ரயில் நிலையத்தில், வங்கிச் சுவரில் எல்லாம் பெயர்கள். ஒரு விதத்தில் நம் நடுகல் மரபுதான், விழுந்தவன் பெயரைக் கல்லில் எழுதி வழியோரம் நிறுத்துவது. மன்றமும் ஒரு கல்லை நட்டுவிட்டு வேலையை முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் வேறு இரண்டு உதாரணங்கள் இருந்தன. லெக்கன்ஃபீல்டு பிரபு 1919இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கின் உச்சியை, போரில் இறந்த லேக் டிஸ்டிரிக்ட் ஆட்களின் நினைவாக நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தார். 1920இல் பாரோடேல் பள்ளத்தாக்கில் கேஸில் கிராக் என்ற சின்னக் குன்றை, மகனைப் போரில் பறிகொடுத்த ஹேமர் குடும்பம் அதே மாதிரி கொடுத்தது. ஆனால் முன்னவர் பெரிய நிலக்கிழார், தன் சொத்திலிருந்து கொடுத்தார். பின்னது ஒரு குடும்பத்துத் துக்கம். மன்றத்துக்காரர்களிடம் மலை ஏது? பெரும்பாலும் வட இங்கிலாந்து நகரங்களில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நாட்களில் ரயில் பிடித்து மலைக்கு வருகிறவர்கள் அவர்கள். எனவே தங்களுக்குள் நிதி திரட்டினார்கள். வாங்கினார்கள். ஒன்றல்ல, பன்னிரண்டு மலைகள்.

பட்டியலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது: கிரேட் கேபிள், கிரீன் கேபிள், கிர்க் ஃபெல், பிராண்ட்ரெத், கிரே நாட்ஸ், பேஸ் பிரவுன், சீத்வைட் ஃபெல், ஆலன் கிராக்ஸ், கிளாரமாரா, கிரேட் எண்ட், பிராட் கிராக், லிங்மெல். 1,500 அடிக்கு மேலே உள்ள நிலம் முழுவதும், ஏறத்தாழ 3,000 ஏக்கர். கீழே இருக்கும் விவசாய நிலத்தையும் வேலிச்சுவர்களையும் தொடவில்லை. எங்கே அவர்கள் நடந்தார்களோ, எங்கே செத்தவர்கள் நடந்தார்களோ, அந்த உயரத்தை மட்டும் வாங்கினார்கள்.

1923இல் பத்திரம் நேஷனல் டிரஸ்டின் கைக்குப் போனது. மன்றம் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். நான் இந்தக் கதையில் மிகவும் மதிப்பது வைத்துக்கொள்ளாத அந்தப் புத்தியைத்தான். நேஷனல் டிரஸ்ட் 1895இல் தொடங்கிய அறநிறுவனம். நிறுவிய மூவரில் ஒருவரான பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி இதே வட்டாரத்துக் கெஸ்விக் ஊருக்குப் பக்கத்தில் திருச்சபைப் பணியில் இருந்தவர். 1902இல் பிராண்டல்ஹவ் என்ற ஏரிக்கரைக் காட்டை, பொதுமக்களிடம் 6,500 பவுண்டு திரட்டி வாங்கிய அனுபவம் அந்த நிறுவனத்துக்கு இருந்தது. அதைவிட முக்கியம், 1907இல் பாராளுமன்றம் அதற்கென்றே இயற்றிய சட்டம். இந்த நிலம் கைமாற்றத்தக்கதல்ல என்று டிரஸ்ட் ஒரு சொத்தை அறிவித்துவிட்டால், பிறகு டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது. மன்றங்கள் கலையும். தலைவர்கள் சண்டை போடுவார்கள். கடன் வந்தால் சொத்து போகும். அந்த அபாயத்துக்கெல்லாம் எட்டாத ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மலைகளில் நடப்பது உரிமை இல்லை. உடைமையாளர் கண்டுகொள்ளாமல் விட்டால் நடக்கலாம், அவ்வளவுதான். லேக் டிஸ்டிரிக்டில் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். கொஞ்சம் தெற்கே டெர்பிஷையரில் அப்படி இல்லை. அங்கே கிண்டர் ஸ்கவுட் மேட்டில் பிரபுக்கள் பறவை வேட்டைக்காக ஆளைப் போட்டுக் காவல் காத்தார்கள். 1932 ஏப்ரலில் அங்கே கூட்டமாக அத்துமீறி ஏறிய இளைஞர்களில் ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மலைகளிலும் மேடுகளிலும் உலவும் உரிமை இங்கிலாந்தில் சட்டமானது 2000இல்தான். அதற்கு 77 வருஷம் முன்பே பன்னிரண்டு மலைகளில் அந்தப் பிரச்சினையை இருபது பேர் நினைவாகத் தீர்த்துவிட்டார்கள்.

மேகத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1924 ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு. கேபிள் உச்சிப் பாறையில் வெண்கலத் தகடு ஒன்றைப் பதித்திருந்தார்கள். இருபது பெயர்கள், கொடுக்கப்பட்ட மலைகளைக் காட்டும் புடைப்பு வரைபடம். மழை, மூடுபனி. சுமார் 500 பேர் பள்ளத்தாக்குகளிலிருந்து பல வழிகளில் ஏறி வந்து சேர்ந்தார்கள். தகட்டின் மேல் ஒரு பிரிட்டிஷ் கொடி போர்த்தியிருந்தது. ஜட்லாந்து கடற்போரின்போது ‘பார்ஹம்’ போர்க்கப்பலில் பறந்த கொடி அது.

கொடியை விலக்கியவர் அப்போதைய மன்றத் தலைவர் டாக்டர் ஆர்தர் வேக்ஃபீல்ட். 1905இல் 24 மணி நேரத்தில் லேக் டிஸ்டிரிக்ட் சிகரங்களை ஓடி ஏறியதில் சாதனை படைத்தவர். போரில் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவோடு நெருக்கமான தொடர்பு கொண்டிருந்த மருத்துவர். 1916 ஜூலை 1 அன்று காலை, பிரான்ஸின் சோம் போர்முனையில் அந்தப் படைப்பிரிவிலிருந்து ஏறத்தாழ 800 பேர் முன்னேறினார்கள், மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். அந்த மனிதர்தான் மேகத்துக்குள் நின்று இருபது பெயர்களைத் திறந்து வைத்தார்.

உரை ஆற்றியவர் ஜெஃப்ரி வின்த்ராப் யங். போருக்கு முன் ஆல்ப்ஸ் மலைகளில் பெரிய பெயர். போரில் துப்பாக்கி தூக்காமல் ஆம்புலன்ஸ் பணிக்குப் போனவர். 1917இல் இத்தாலியப் போர்முனையில் இடது காலை இழந்தார். கேபிளுக்கு வந்தது செயற்கைக் காலோடு. (நான்கு வருஷம் கழித்து அதே காலோடு மேட்டர்ஹார்னே ஏறினார், அது வேறு கதை.) தகட்டில் உள்ள ஸ்லிங்ஸ்பி என்ற பெயர் அவருடைய மைத்துனருடையது. யங்கின் மனைவி எலனார் அந்தக் குடும்பத்துப் பெண், மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கிய பெண்களுக்கான மலையேற்ற மன்றத்தின் முதல் தலைவர்.

அவர் என்ன பேசினார்? இவர்கள் நம் சகோதரர்கள், இந்தப் பாறைகளில் நம்மோடு ஏறியவர்கள் என்றார். மனிதனின் உள்ளம் கட்டுண்டு கிடக்கும்போது மண்ணுக்கு மட்டும் விடுதலை கிடையாது என்று நம்மைப் போலவே நம்பியவர்கள், அதற்காக மலையும் காற்றும் வெயிலும் சேர்ந்த இந்தத் தோழமையில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தவர்கள் என்றார். ‘பங்கு’ என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். வெற்றி என்ற தொனியோ, பேரரசின் பெருமையோ அந்தப் பேச்சில் ஓங்கி ஒலிக்கவில்லை. இவர்களுக்கு இங்கே நடக்கக் கிடைத்திருக்க வேண்டிய நாட்கள் கிடைக்கவில்லை, அதனால் அந்தப் பங்கை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

அதே நாள், வேறொரு மலை

இந்த இடத்தில் கதை தானாகவே இமயமலைக்குப் போகிறது. 1924 ஜூன் 8 என்ற தேதி மலையேற்ற உலகில் வேறொரு காரணத்துக்காகப் பிரபலம். ஜார்ஜ் மல்லரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்டின் மேல்விளிம்பில் மேகத்துக்குள் மறைந்தது அன்றைக்குத்தான். மல்லரி, யங்கின் நெருங்கிய நண்பர். யங்கின் கைப்பிடித்து வளர்ந்தவர் என்றே சொல்லலாம். வேக்ஃபீல்ட் 1922 எவரெஸ்ட் குழுவில் மல்லரியோடு போனவர். கேபிளில் கூட்டம் நின்றபோது எவரெஸ்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்திருக்கும். யாருக்கும் தெரியாது. செய்தி லண்டன் வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

எவரெஸ்டில் அப்போது ஹோவர்டு சோமர்வெல்லும் இருந்தார். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த அதே சோமர்வெல்தான். பிறந்தது லேக் டிஸ்டிரிக்டின் வாசலான கெண்டல் நகரில். பதினெட்டு வயதில் ஃபெல் அண்ட் ராக் மன்றத்தில் சேர்ந்தார். கேபிள் தகட்டில் இருக்கும் பெயர்கள் அவருடைய மன்றத்துப் பெயர்கள். அவரும் சோம் போர்முனையில் அறுவை சிகிச்சைக் கூடாரத்தில் நின்று, வெளியே வயல் முழுக்கக் கிடந்த காயம்பட்டவர்களில் யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானித்தவர்.

1922 எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். சோமர்வெல் அந்த ஏற்றத்தில் இருந்தார், பிழைத்தார். இறந்தது அத்தனையும் ஷெர்பாக்களும் போட்டியாக்களும் (இமயமலைப் பகுதி இனத்தவர்) தான், எங்களில் ஒருவர்கூட இல்லையே என்று பின்னால் வெட்கப்பட்டு எழுதினார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோதுதான் நெய்யூரைப் பார்த்தார். நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்க, டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை சிகிச்சை மருத்துவர். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்து, 1961இல்தான் ஊர் திரும்பினார். குமரி எல்லையைத் தாண்டியதும் வரும் காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்தக் கதைக்குள் அவர் வருவது அதற்காக இல்லை. 1924 ஜூன் மாதம், மல்லரியும் இர்வினும் திரும்பவில்லை என்பது உறுதியான பிறகு, அடிவார முகாமில் ஒரு கற்குவியல் நினைவுச்சின்னம் எழுந்தது. அதை எழுப்பும் வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் சோமர்வெல்லும், பின்னாளில் பாரோடேல் பாறைகளில் பெயர் பெற்ற பென்ட்லி பீதமும். கல்லில் வெட்டிய பெயர்கள் பன்னிரண்டு. 1921இல் இறந்த கெல்லஸ். 1922இன் ஏழு பேர்: தங்கே, சாங்கே, டெம்பா, லாக்பா, பசாங், நோர்பு, பெமா. 1924இன் மல்லரி, இர்வின், ஷம்ஷேர், மன்பகதூர். துரைக்குத் தனிக்கல், கூலிக்குத் தனிக்கல் என்று இல்லை. சம்பளத்துக்குச் சுமை தூக்கியவனும் சக ஏறியவன்தான் என்று ஒரே குவியலில் எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமில்லை. கேபிளில் தகடு திறந்த அதே மாதத்தில், அதே மன்றத்து மனிதர் செய்தது இது.

சறுக்கியவை

சரி, எல்லாம் சரியாக வந்ததா என்றால் இல்லை.

முதல் தவறு மிகவும் மனிதத்தனமானது. தகட்டில் பெயர்கள் பிழையாக இருந்தன. இவ்வளவு அன்பாகச் செய்தவர்கள் எழுத்துப்பிழையை விட்டுவிட்டார்கள். திருத்தம் வர 2013 ஆயிற்று. பழைய தகட்டை எடுத்துவிட்டு, புதிதாக வார்த்த தகட்டை ராணுவப் பொறியாளர் படையினர் மேலே கொண்டுபோய்ப் பதித்தார்கள். நினைவுச்சின்னம் வைக்கப்போகும் யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பெயரைக் குடும்பத்திடம் காட்டி, எழுத்து எழுத்தாகச் சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். டிஷர்ட்டுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. கொடுத்தது பன்னிரண்டு மலை, தகடு வைத்தது ஒன்றில். ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டாவது ஞாயிறு, போரில் இறந்தோர் நினைவு நாளன்று, நூற்றுக்கணக்கானவர்கள் காலை 11 மணி மௌனத்துக்காகக் கேபிள் உச்சிக்கு வருகிறார்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு கிளம்புகிறவர்கள், குழந்தையை முதுகில் சுமந்தவர்கள், பழைய படைவீரர்கள், நாய்கள். பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, சட்டையில் எண் கிடையாது. இரண்டு நிமிடம் காற்றுச் சத்தம் மட்டும். நூறு வருஷமாக ஒரு நடை அழியாமல் இருக்கிறது என்றால் அது லேசான சாதனை இல்லை.

ஆனால் அந்த வரிசையில் நிற்கும் எத்தனை பேருக்குப் பேஸ் பிரவுனும் இதே நினைவின் பகுதி என்று தெரியும்? கிளாரமாராவில் அன்றைக்கு யார் இருப்பார்கள்? தகடு ஒரு புள்ளியில் கூட்டத்தை இழுத்துக்கொள்கிறது, கொடையின் பரப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. போதாததற்கு, ஒரே பாதையில் அத்தனை கால்கள். லேக் டிஸ்டிரிக்டின் மண் மெல்லியது, மழையோ கொட்டுகிறது. புல் போனால் அடுத்த மழையில் மண்ணும் போய்ப் பாதை ஓடையாகிவிடும். அதைச் சரிசெய்ய ‘ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்’ என்ற அமைப்பு மலைமேல் கல்லைக் கையால் பதித்துப் படி கட்டிக்கொண்டே இருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் பாதைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்யும் வேலை. நினைவுத்தகடு வைத்தவர்கள் இந்தச் செலவை எதிர்பார்த்திருக்க முடியாது.

பக்கத்து மலையான ஸ்காஃபெல் பைக்கைப் பார்த்தால் நன்கொடை திரட்டுவதற்காக நடக்கும் இன்றைய அறநடைகளின் நிலவரம் தெரியும். அதுவும் போர் நினைவாகக் கொடுக்கப்பட்டது என்பது ஏறுகிற பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ‘மூன்று சிகரச் சவாலில்’ இரண்டாவது. ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ், இங்கிலாந்தில் ஸ்காஃபெல் பைக், வேல்ஸில் ஸ்னோடன், மூன்றையும் 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி வேனில் போகிறது. ஸ்காஃபெல் பைக்குக்கு வந்து சேரும்போது பலருக்கு இரவு. வாஸ்டேல் பள்ளத்தாக்கில் சில வீடுகளும் ஒரு சத்திரமும்தான். நள்ளிரவில் வேன் கதவு அறையும் சத்தம், குப்பை, கழிப்பறைப் பிரச்சினை என்று உள்ளூர்க்காரர்கள் புலம்புவது பழைய கதை. இருட்டில் வழி தவறினால் மேலே போவது வாஸ்டேல் மலைமீட்புக் குழு. சம்பளம் வாங்காத உள்ளூர் ஆட்கள், நன்கொடையில் ஓடும் குழு. ஒரு அறத்துக்காக நடப்பவர்களை இன்னொரு அறம் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு இறங்குகிறது. வந்தவர்கள் சேர்த்த பணத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு பென்னி வருமா என்றால், பெரும்பாலும் வராது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்தால், ‘கிஃப்ட் எய்டு’ முறையில் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெளிநாட்டு மலைக்குப் போகும் அறநடைகளில், குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று சொல்லி, அதிலிருந்தே விமானச் செலவையும் வழிகாட்டிச் செலவையும் எடுத்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. கொடுப்பவர் புற்றுநோய்க்கு என்று நினைத்துக் கொடுப்பார், அதில் ஒரு பங்கு நண்பரின் கிளிமஞ்சாரோ டிக்கெட். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், வெளிப்படையாக எழுதித்தான் வைத்திருப்பார்கள். இருந்தாலும் இறந்தவர் பெயர் அதில் சேரும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. 1923இல் இந்தக் குழப்பம் வரவே வாய்ப்பில்லை. பணம் நிலத்துக்குப் போயிற்று, நடந்தவர்கள் தங்கள் சொந்தக் காலில், சொந்த ரொட்டியோடு ஏறினார்கள்.

எல்லோரும் மலை வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஒரு சின்ன அலுவலகம் தன் தோழருக்காக நடக்கப்போகிறது என்றால் கிரேட் கேபிள் ஏறியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது வரிசைதான். இறந்தவர் எதை நேசித்தாரோ அதற்கு எது தேவை என்று முதலில் கேட்டார்கள். அவர்கள் விஷயத்தில் அது மலையில் தடையின்றி நடப்பது. தேவையைக் கண்டுபிடித்து, பணத்தைக் கட்டி, கையெழுத்துப் போட்ட பிறகு நடந்தார்கள். அப்போது நடைக்கு வேறு வேலை இல்லை. யாரையும் கவர வேண்டாம், நேரத்தை முறியடிக்க வேண்டாம், மேகம் இறங்கினால் திரும்பிவிடலாம். செயற்கைக் காலோடு வருகிறவருக்காக மற்றவர்கள் மெதுவாக நடக்கலாம்.

கேபிளுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஹானிஸ்டர் கணவாயில், கற்பலகைச் சுரங்கத்துப் பக்கம், வண்டியை விட்டுவிட்டு வேலியோரமாக ஏறினால் முதலில் கிரே நாட்ஸ் வரும். அப்புறம் பிராண்ட்ரெத், அப்புறம் கிரீன் கேபிள், ஒரு சரளைக் கணவாய் இறக்கம், கடைசியில் கிரேட் கேபிள். பன்னிரண்டில் நான்கு. வெண்கலத் தகடு கடைசியில்தான் இருக்கிறது. பிராண்ட்ரெத்தின் உச்சியில் நின்றால் தெற்கே கேபிள், வடமேற்கே பட்டர்மியர் ஏரி. கொஞ்சம் கற்கள் குவிந்திருக்கும், ஆடுகள் மேயும். பெயர்ப்பலகை கிடையாது. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடிக்க நல்ல இடம்.